அரைப் பாகை

துப்ராவ்கா விழுந்தவர்களை அளப்பதில்லை.
விழுந்த கோணத்தை அளக்கிறாள்.
ஸாக்ரெப் நகரம், டிராம் விபத்துப் பிரிவு,
பதினோரு வருடமாக மஞ்சள் சுண்ணக்கட்டி.

மழை விட்ட காலையில்
இந்த டிராமுக்கும் அடுத்த டிராமுக்கும் நடுவே
கிடைக்கும் ஏழு நிமிடத்தில்
சைக்கிள் வந்த தடத்தில் நூல் பிடிப்பாள்.
நூல்தான் குறுக்குவெட்டி.
தண்டவாளம் இரண்டும் இணைகோடுகள்:
ஒரு மீட்டர் விலகி நின்று
ஊரெல்லாம் சேர்ந்தே சுற்றி
ஒரு நாளும் தொட்டுக்கொள்ளாதவை.

எட்டுக் கோணம் பிறக்கும்.
எட்டையும் அளப்பவர் வேலை தெரியாதவர்
என்பது அலுவலகத்தின் எழுதாத விதி.
ஒன்று இருபது என்றால்
குத்தெதிரே இருப்பதும் இருபது.
தோளோடு தோள் ஒட்டியது நூற்று அறுபது.
அடுத்த தண்டவாளத்திலும்
அதே மூலையில், அதே திசை பார்த்து
ஒத்த கோணம், இருபது.
நடுவே, நூலுக்கு ஆளுக்கொரு பக்கமாய்
முகம் திருப்பிக்கொண்ட ஒன்றுவிட்ட கோணங்கள்
ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி:
பேச்சுவார்த்தை கிடையாது,
மூக்கு மட்டும் அச்சு அசல்.
ஒரே பக்கத்து உட்கோணங்களோ
ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்.
ஒருவர் இருபது கொடுத்தால்
மீதி நூற்று அறுபது மற்றவர் பொறுப்பு.
வாடகை நூற்றெண்பது, மாதம் தவறாது.

ஆகவே படிவத்தில் ஒரே ஒரு கட்டம்: கோணம்.
முப்பதுக்குக் கீழே போனால்
பிழை சைக்கிள்காரருடையது.
கோப்பு மூடப்படும்.

டிஹோமிர், தபால் பிரிப்பவர்.
அனைத்துப் புனிதர் நாளுக்கு முந்தைய மாலை
மாமியார் கல்லறைக்கென்று
வெள்ளைச் சாமந்தித் தொட்டி ஒன்றைக்
கைப்பிடியில் தொங்கவிட்டு வந்தவர்.
இப்போது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
"முதல் தண்டவாளம் விட்டுவிட்டது அம்மா.
இரண்டாவதுதான் பிடித்துக்கொண்டது."

எல்லோரும் ஏதாவது சொல்வார்கள்.
முதலில் எந்தக் கோணமோ
அடுத்ததிலும் அதுவேதான்,
கோணத்துக்கு ஓரவஞ்சனை தெரியாது என்று
சொல்ல வாயெடுத்தாள்.
மாவுக்கட்டின் மேல் யாரோ பேனாவால்
தொட்டி வரைந்திருந்தார்கள்.
சொல்லவில்லை.

மறுநாள் இலிட்சா தெருவில் நூல் கட்டினாள்.
முதல் தண்டவாளத்தில் இருபத்திரண்டு.
எழுதியாயிற்று. எழுந்தாயிற்று.
அப்போதுதான் கண்டாள்:
இரண்டாவது தண்டவாளத்தின் பள்ளத்தில்
நசுங்கிய வெள்ளை இதழ்கள்.
முதலாவதில் ஒன்றுகூட இல்லை.

மண்டியிட்டாள்.
இருபத்திரண்டரை.
நூலை இறுக்கினாள். இருபத்திரண்டரை.
நீல டிராம் மணியடித்தது, விலகினாள்,
போனபின் வந்து மறுபடி வைத்தாள்.
கோணமானி பிடிவாதமாக இருந்தது.

இணைகோடென்றால் ஒத்த கோணம் சமம்.
பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.
அதையே திருப்பிப் போட்டால்
சமம் இல்லையேல் இணை இல்லை.
இந்தப் பக்கம் திரும்பி அவள்
ஒரு முறைகூட நடந்ததில்லை.
நாடாவை விரித்தாள்:
இங்கே ஒரு மீட்டர்.
இரண்டு மீட்டர் தள்ளி
ஒரு மீட்டரும் ஒரு விரல் அகலமும்.

அரைப் பாகை யாரையும் கவிழ்க்காது.
அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.
மழையாக இருக்கலாம்,
ஒரு பக்கம் இழுத்த தொட்டியாக இருக்கலாம்,
தண்டவாளத்தை இத்தனை நகர்த்திய ஏதோ ஒன்று
கீழே கல்லையும் அரித்திருக்கலாம்.
ஒரு எண்ணுக்கென வரைந்த கட்டத்தில்
இரண்டு எண்களை எழுதினாள், பொடியாக,
இரண்டாவது கட்டத்தைத் தாண்டி வழிந்தது.

கோப்பு வைக்கக் கீழ்த்தளம் இறங்கினாள்.
இரும்பு அலமாரிகள்,
அவள் கையெழுத்தில் பதினோரு வருடம்.
தாளுக்கு ஒரு எண்.
மற்ற ஏழும் நம்பிக்கையில்.

விளக்கை அணைக்காமலே மேலே வந்து
சரக்கறைக்கு ஒரு சீட்டு எழுதினாள்:
சுண்ணக்கட்டி, மஞ்சள்,
எட்டுப் பெட்டி.